மேசையில் விழுந்த குத்து: கார்ல்சனின் விளையாட்டுப் பண்பு பற்றிய விவாதம் எங்கே தடம் மாறுகிறது

2025 ஜூன் 1. நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் நடந்த ‘நார்வே செஸ்’ போட்டியின் ஆறாவது சுற்று அது. ஆட்டத்தின் பெரும்பகுதியில் மாக்னஸ் கார்ல்சனின் கையே ஓங்கியிருந்தது. எதிரே வெள்ளைக் காய்களுடன் அமர்ந்திருந்த குகேஷ், தோல்வி ஏறக்குறைய உறுதியான நிலையிலும் விட்டுக்கொடுக்காமல் ஆட்டத்தை இழுத்துக்கொண்டே வந்தார். நாற்பதாவது நகர்த்தலுக்குப் பிறகு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும் என்பது அந்தப் போட்டியின் விதி. அந்த நெருக்கடியில் கார்ல்சன் குதிரையால் வைத்த ஒரு ‘செக்’ ஆட்டத்தைத் தலைகீழாக்கிவிட்டது. சில நகர்த்தல்களுக்குப் பின், இனி மீள வழியில்லை என்று தெரிந்த கணத்தில், அவர் முஷ்டியை மடக்கி மேசையில் ஓங்கிக் குத்தினார். காய்கள் துள்ளிச் சாய்ந்தன. “ஓ மை காட்” என்று வாய்விட்டுச் சொன்னார், கை கொடுத்தார், எழுந்தார். அரங்கை விட்டுப் போகும்போது குகேஷின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். குகேஷ் நடந்ததை நம்ப முடியாதவராக, வாயைக் கையால் மூடியபடி சற்றுத் தள்ளிப்போய் நின்றுகொண்டிருந்தார்.

இந்தச் சில விநாடிகளின் காணொளி, அதுவரை செஸ் பலகையைத் தொட்டே பார்த்திராதவர்களின் கைப்பேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. நடப்பு உலக சாம்பியன் சென்னைப் பையன் என்பதால் தமிழ்நாட்டில் இதைப் பார்த்தவர்களுக்குப் பெருமையும் கோபமும் ஒன்றாகவே வந்தன. ‘நம் பிள்ளையிடம் தோற்றதைத் தாங்க முடியாமல் மேசையைக் குத்துகிறவன் என்ன சாம்பியன்’ என்று ஒரு தரப்பும், ‘அவ்வளவு வலித்தால்தான் அவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருக்க முடியும்’ என்று இன்னொரு தரப்பும் வாதிட்டன. குகேஷோ, தன் ஆட்டவாழ்வில் தானும் பல மேசைகளைக் குத்தியிருப்பதாகச் சொல்லி அந்த வாதத்துக்கு வெளியே நின்றுகொண்டார். நூறு முறை ஆடினால் தொண்ணூற்றொன்பது முறை தோற்றிருக்கக்கூடிய ஆட்டம் அது என்றும் சொன்னார்.

2013 முதல் 2023 வரை உலக சாம்பியனாகவும், 2011 ஜூலை முதல் இடைவெளியின்றித் தரவரிசையில் முதலிடத்திலும் இருந்துவருபவர் கார்ல்சன். அவருடைய குணத்தைப் பற்றிய கேள்வி நியாயமானது, கேட்கப்பட வேண்டியதும்கூட. ஆனால் அந்தக் கேள்வியை மேசையிலிருந்து தொடங்குவதால்தான் விவாதம் தடம் மாறுகிறது. ஒருவரின் கோபம் வேறு, அவர் தன் செல்வாக்கைப் பயன்படுத்தும் விதம் வேறு. முன்னது கேமராவில் அழகாகப் பதிவாகிவிடுகிறது. பின்னதைப் படம் பிடிக்க முடியாததால், அதைப் பற்றி அறிக்கைகளையும் தீர்ப்புகளையும் தேதிவாரியாகப் படித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

முதலில் கோபத்தை எடுத்துக்கொள்வோம், அது சீக்கிரம் முடியும். ஃபிடே எனப்படும் சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பின் ஆட்ட விதிகளில் இதற்கு நெருக்கமாக இருப்பவை இரண்டு. ஆட்டத்துக்கு அவப்பெயர் வரும் எதையும் ஆட்டக்காரர் செய்யக்கூடாது என்கிறது 11.1. எதிராளியின் கவனத்தை எந்த வகையிலும் சிதறடிக்கவோ அவரைத் தொந்தரவு செய்யவோ கூடாது என்கிறது 11.5. ஆட்டம் முடியும் கணத்தில் விழும் ஒரு குத்து இரண்டாவது விதிக்குள் வருவது கடினம். முதல் விதிக்குள் வருமா என்பது நடுவரின் பார்வையைப் பொறுத்தது. நம் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அளவிலான சிறுவர் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். தோற்ற பையன் காய்களை வாரித் தள்ளிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவான். நடுவர் அவனைத் திரும்ப அழைத்து, காய்களை அடுக்கிவிட்டுப் போகச் சொல்வார். அந்த அளவுக்கான குற்றம்தான் இது.

சாம்பியன்களின் வரலாற்றில் இதற்கு முன்னோடிகள் ஏராளம். பின்னாளில் உலக சாம்பியனான அலெகைன், 1922இல் வியன்னாவில் கிரன்ஃபெல்டிடம் தோற்றபோது தன் ராஜாவை அறையின் மறுகோடிக்கு வீசியெறிந்தார் என்பது செஸ் உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1995இல் நியூயார்க்கில் ஆனந்துடன் நடந்த உலக சாம்பியன் போட்டியின் பத்தாவது ஆட்டத்தில், வீட்டிலேயே தயாரித்து வந்த நகர்த்தல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போய்வந்தார் காஸ்பரோவ். என் பார்வையில் அது மேசைக்குத்தைவிடப் பல மடங்கு மோசமானது, ஏனென்றால் அப்போது எதிரே ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார். கார்ல்சனுக்கும் பழைய கணக்கு உண்டு. 2016இல் நியூயார்க்கில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ரஷ்யாவின் கர்யாகினிடம் எட்டாவது ஆட்டத்தைத் தோற்றதும் செய்தியாளர் சந்திப்பு தொடங்குவதற்கு முன்பே எழுந்துபோய்விட்டார். அதற்காக அபராதமும் விதிக்கப்பட்டது. தோல்வியைத் தாங்கத் தெரியாதவர் என்று அவரைச் சொன்னால் அவரே மறுக்கமாட்டார். இதில் வாதிட அதிகம் இல்லை.

வாதிட வேண்டிய இடத்துக்கு வருமுன், எதிர்த்தட்டில் வைக்க வேண்டிய ஒரு நிகழ்வைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது ஸ்டாவாங்கர் காணொளி அளவுக்குப் பரவவில்லை. 2020 ஜூலை, பெருந்தொற்றுக் காலம். முன்னணி ஆட்டக்காரர்கள் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ‘செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ்’ அரையிறுதியில் கார்ல்சனும் சீனாவின் டிங் லிரெனும் மோதினர். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில் டிங்கின் இணைய இணைப்பு அறுந்துபோனது. கடிகாரம் ஓடி முடிந்தது. விதிப்படி வெற்றி கார்ல்சனுக்கு. அடுத்த ஆட்டம் தொடங்கியது. நான்காவது நகர்த்தலிலேயே கார்ல்சன் தன் ராணியை, சிறுவனும் வெட்டக்கூடிய கட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, உடனே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். டிங் மீது தனக்கு மிகுந்த மதிப்பு உண்டென்றும், இணைப்பு அறுந்ததால் கிடைத்த வெற்றியை வைத்துக்கொள்வது சரியாகப் படவில்லை என்றும் பின்னர் விளக்கினார். யாரும் கேட்கவில்லை, எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. மேடையில் கைதட்டவும் ஆளில்லை. தோல்வியை அவ்வளவு வெறுக்கும் ஒருவர், தன் கையாலேயே ஒரு தோல்வியை எழுதி வாங்கிக்கொண்டார். மேசைக்குத்தை மட்டும் வைத்து அவரை எடைபோடுகிறவர்கள் இதற்கு எந்தப் பதிலையும் வைத்திருக்க முடியாது.

கோபக்காரர், ஆனால் ஆட்ட நேர்மை உள்ளவர் என்று முடித்துவிடலாமா என்றால், 2022 செப்டம்பர் குறுக்கே நிற்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த சிங்க்ஃபீல்டு கோப்பைப் போட்டியின் மூன்றாவது சுற்றில், செப்டம்பர் 4 அன்று, வெள்ளைக் காய்களுடன் ஆடிய கார்ல்சன் 19 வயது ஹான்ஸ் நீமனிடம் தோற்றார். கிளாசிக்கல் எனப்படும் நீண்ட நேர ஆட்டங்களில் 53 ஆட்டங்களாக நீடித்த அவருடைய தோல்வியில்லாத் தொடர் அதோடு முடிந்தது. மறுநாள் அவர் போட்டியிலிருந்தே விலகினார். காரணம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, கால்பந்துப் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ ‘நான் பேசினால் எனக்குப் பெரிய சிக்கல்’ என்று சொல்லும் ஒரு பழைய காணொளியைத் தன் சமூக ஊடகப் பதிவில் இணைத்தார். குற்றச்சாட்டு என்று எதையும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுத்த சில மணி நேரத்தில் போட்டி அமைப்பாளர்கள் பாதுகாப்புச் சோதனையைக் கடுமையாக்கி, நேரலையையும் 15 நிமிடம் தாமதப்படுத்தினார்கள். நீமன் ஏமாற்றிவிட்டார் என்று கார்ல்சன் நினைக்கிறார் என்பது உலகத்துக்கே புரிந்துபோயிற்று.

நீமன் களங்கமற்றவர் அல்ல என்பதையும் இங்கே மறைக்கக்கூடாது. 12 வயதிலும் 16 வயதிலும் இணைய ஆட்டங்களில் கணினி உதவியை நாடியதாக அவரே அந்த வாரப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். நேருக்கு நேர் அமர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒருபோதும் ஏமாற்றியதில்லை என்று மறுத்தார். அக்டோபர் 4 அன்று செஸ்.காம் தளம் வெளியிட்ட 72 பக்க அறிக்கை, அவர் ஒப்புக்கொண்டதைவிட நிலைமை மோசம் என்றது. 100க்கும் மேற்பட்ட இணைய ஆட்டங்களில் அவர் ஏமாற்றியிருக்க வாய்ப்புள்ளது என்பது அதன் முடிவு. அதே அறிக்கை, நேரடி ஆட்டங்களில் அவர் ஏமாற்றினார் என்பதற்கு நேரிடையான சான்று இல்லை என்றும் சொன்னது. இந்த இரண்டாவது வரியைப் பலர் படிக்காமலேயே தாண்டிப் போனார்கள்.

அந்த அறிக்கை வருவதற்கு முன்பே, செப்டம்பர் 19 அன்று நடந்த ஓர் இணையப் போட்டியில் இருவரும் மீண்டும் எதிரெதிரே வந்தார்கள். கார்ல்சன் ஒரே ஒரு நகர்த்தல் வைத்தார். பிறகு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, கேமராவையும் அணைத்துவிட்டார். வர்ணனையாளர்கள் திகைத்துப்போய் அமர்ந்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வெளியான அறிக்கையில்தான், நீமன் வெளியில் ஒப்புக்கொண்டதைவிட அதிகமாகவும் அண்மையிலும் ஏமாற்றியிருப்பதாகத் தான் நம்புவதாக எழுதினார். செயின்ட் லூயிஸ் ஆட்டத்தின் முக்கியக் கட்டங்களில் நீமன் பதற்றமே இல்லாமல், முழுக் கவனமும் செலுத்தாதவர் போலக் காணப்பட்டார் என்பது அதில் அவர் சுட்டிய ஒரு காரணம்.

டிங்கோடு ஆடிய அந்த நான்கு நகர்த்தல் ஆட்டத்தையும் நீமனோடு ஆடிய இந்த ஒரு நகர்த்தல் ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த மனிதரின் சிக்கல் விளங்கும். இரண்டிலும் அவர் செய்தது ஒரே செயல்: வேண்டுமென்றே தோற்றார். ஒன்றில் அந்தத் தோல்வி எதிராளிக்குக் கொடுத்த மரியாதை. மற்றதில் எதிராளியின் மீது ஒட்டப்பட்ட முத்திரை. இரண்டிலும் தன் மனத்துக்கு நியாயம் என்று பட்டதை, யாரையும் கேட்காமல், உடனே செய்தார். மனத்துக்குப் பட்டது சரியாக இருந்த இடத்தில் அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. சான்று இல்லாத இடத்தில் அதே குணம், தரவரிசையில் முதலிடத்தில் இருப்பவர் 19 வயதுப் பையனின் பிழைப்பைக் கேள்விக்குறியாக்கியதாக ஆனது. கிராண்ட்மாஸ்டர் ஒருவருக்கு வருமானம் அழைப்பின் பேரில் ஆடும் போட்டிகளிலிருந்து வருவது. உலகின் முதல் ஆட்டக்காரர் ‘இவர் வந்தால் நான் வரமாட்டேன்’ என்ற நிலையில் நின்றால், எந்த அமைப்பாளர் யாரை அழைப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மௌனம் எல்லோருக்கும் ஒரே எடையில் இருப்பதில்லை. ஊர்ப் பெரியவர் பந்தியிலிருந்து பேசாமல் எழுந்துபோனால், பக்கத்து இலைக்காரனைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது நமக்குத் தெரியாததா?

சந்தேகமே படக்கூடாது என்பதல்ல என் வாதம். கைப்பேசியில் ஓடும் ஒரு கணினி நிரலே உலக சாம்பியனைத் தோற்கடிக்கும் காலம் இது. ஏமாற்று என்பது செஸ்ஸுக்கு உயிர்நிலை ஆபத்து, அதைப் பற்றி மேல்மட்ட ஆட்டக்காரர்கள் வாய்மூடி இருந்தார்கள் என்பதும் உண்மை. கார்ல்சன் எழுந்துபோன பிறகுதான் சோதனைகள் இறுக்கமாயின என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வதில் பொருள் உண்டு. ஆனால் நடுவரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கும் வழி இருந்தது. அப்படிக் கொடுத்திருந்தால், அந்தப் புகார் தவறாகிப்போனால், அதற்கான பொறுப்பும் புகார் கொடுத்தவர் தலையில் விழுந்திருக்கும். காணொளியை ஒட்டிவிட்டு அமைதியாக இருப்பதில் அந்தப் பொறுப்பு இல்லை. இந்த விவகாரத்தில் விளையாட்டுப் பண்பு குலைந்த இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் நடந்தவை நீதிமன்றத்தோடும் விசாரணைக் குழுக்களோடும் சேர்ந்தவை. நீமன் 2022 அக்டோபரில் கார்ல்சன், செஸ்.காம், அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா உள்ளிட்டோர் மீது 10 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 2023 ஜூனில் மிசௌரி கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது; ஆகஸ்டில் தரப்புகள் சமரசத்துக்கு வந்தன. சிங்க்ஃபீல்டு ஆட்டத்தில் நீமன் ஏமாற்றினார் என்பதை உறுதிப்படுத்தும் சான்று இல்லை என்ற செஸ்.காம் அறிக்கையின் கூற்றை ஏற்பதாகவும், இனிவரும் போட்டிகளில் எதிரெதிரே வர நேர்ந்தால் நீமனோடு ஆடத் தயார் என்றும் அப்போது கார்ல்சன் தெரிவித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஃபிடேவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, தக்க காரணமின்றிப் போட்டியிலிருந்து விலகியதற்காக அவருக்கு 10,000 யூரோ அபராதம் விதித்து, மற்ற குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. அதாவது, குற்றம் சாட்டியது குற்றமல்ல, எழுந்துபோனது குற்றம் என்றது. சட்டப்படி அது சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். ஆனால் இந்த விவகாரம் முழுவதிலும் எல்லோரையும் உறுத்திய கேள்வியை அது தொடவே இல்லை.

இப்படிச் சாடைமாடையாகச் சுட்டுவது கார்ல்சன் தொடங்கிவைத்த வழக்கமும் அல்ல. 2006இல் ரஷ்யாவின் எலிஸ்டாவில் கிராம்னிக்குக்கும் டோபலோவுக்கும் நடந்த உலக சாம்பியன் போட்டியின்போது, கிராம்னிக் ஓர் ஆட்டத்தில் 50 தடவைக்கும் மேல் கழிவறைக்குப் போகிறார் என்று டோபலோவின் மேலாளர் புகார் எழுப்பினார். அவரவர்க்கென இருந்த கழிவறைகள் மூடப்பட்டன. எதிர்ப்புத் தெரிவித்து ஐந்தாவது ஆட்டத்துக்கு உட்கார மறுத்த கிராம்னிக் அந்தப் புள்ளியை இழந்தும், இறுதியில் பட்டத்தை வென்றார். அன்று சாடைப் பேச்சுக்கு இலக்கான அதே கிராம்னிக், அண்மை ஆண்டுகளில் இணைய ஆட்டக்காரர்கள் பலரைப் புள்ளிவிவரங்களைக் காட்டிச் சந்தேகிப்பவராக மாறியது இந்த வரலாற்றின் கசப்பான திருப்பம்.

நீமன் விவகாரத்திலிருந்து கார்ல்சன் எதையாவது கற்றுக்கொண்டாரா என்று கேட்டால், கொஞ்சம் கற்றுக்கொண்டார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியில் கஜகஸ்தானின் அலிஷேர் சுலைமெனோவிடம் தோற்றபோது, எதிராளி கைக்கடிகாரம் அணிந்திருந்ததைப் பார்த்ததுமே தன் கவனம் சிதறிவிட்டதாக எழுதினார். ஆனால் இம்முறை, எதிராளி ஏமாற்றியதாகத் தான் சொல்லவில்லை, அவர் நன்றாக ஆடினார், குறை தன்னிடமும் பாதுகாப்பு ஏற்பாட்டிலும்தான் என்று வெளிப்படையாகவே சேர்த்துக்கொண்டார். அந்த இளைஞரின் வாழ்நாள் வெற்றியின் மீது ஒரு நிழல் விழத்தான் செய்தது என்றாலும், அது பெயர் சொல்லி விளக்கப்பட்ட நிழல்.

செல்வாக்கின் இன்னொரு முகம் 2024 டிசம்பரில் நியூயார்க்கில் தெரிந்தது. குறைந்த நேரத்தில் ஆடப்படும் ரேபிட், அதைவிட வேகமான பிளிட்ஸ் ஆகிய இரண்டின் உலக சாம்பியன் போட்டிகளும் வால் ஸ்ட்ரீட்டில் நடந்தன. இரண்டாம் நாள் கார்ல்சன் ஜீன்ஸ் அணிந்து வந்தார். உடை விதிப்படி அது கூடாது. 200 டாலர் அபராதம் விதித்த நடுவர்கள் உடை மாற்றிவரச் சொன்னார்கள். நாளை மாற்றிக்கொள்கிறேன், இன்று முடியாது என்றார் அவர். ஒன்பதாவது சுற்றில் அவருக்கு எதிராளி ஒதுக்கப்படவில்லை. உடனே போட்டியை விட்டே விலகினார். இதே போட்டியில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் நெபோம்னியாஷியும் விளையாட்டுக் காலணி அணிந்து வந்ததற்காக அபராதம் கட்டினார் என்பதும், அவர் போய் மாற்றிக்கொண்டு வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார் என்பதும் பலருக்கும் நினைவில் இல்லை.

ஜீன்ஸ் தடை காலத்துக்கு ஒவ்வாதது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். இரண்டு நாட்களுக்குள் ஃபிடே தலைவர் துவோர்கோவிச், மேல்சட்டைக்குப் பொருத்தமான ஜீன்ஸ் போன்ற சிறு விலகல்களை அனுமதிக்கலாம் என்று அறிவித்தார். கார்ல்சன் பிளிட்ஸுக்கு ஜீன்ஸோடு திரும்பினார். அந்தப் பேச்சுவார்த்தையின் நடுவே ஃபிடேவின் துணைத் தலைவரான விஸ்வநாதன் ஆனந்தும் இருந்தார்; அவர் அந்தப் பொறுப்புக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்ற தொனியில் கார்ல்சன் பிறகு பேசியது, 2013இல் சென்னையில் ஆனந்தின் சொந்த ஊரிலேயே அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தும் அன்று ஒரு வார்த்தை மிகையாகப் பேசாத இளைஞரை நினைவில் வைத்திருந்தவர்களுக்குச் சற்று வருத்தம் தந்தது. விதியைத் திருத்த வேண்டும் என்று ஒருவர் போராடுவது வேறு. விதி தனக்காக வளைகிறவரை வெளியே நிற்பது வேறு. தரவரிசையில் நூற்றைம்பதாவது இடத்தில் இருக்கும் ஒருவர் அன்று ஜீன்ஸோடு நின்றிருந்தால், விமான டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்.

இதைவிடக் கனமானது டிசம்பர் 31 இரவு நடந்தது. பிளிட்ஸ் இறுதியில் கார்ல்சனும் நெபோம்னியாஷியும். முதல் இரண்டு ஆட்டங்களை கார்ல்சன் வென்றார், அடுத்த இரண்டை நெபோம்னியாஷி வென்றார். யார் முதலில் வெல்கிறாரோ அவருக்கே பட்டம் என்ற முறையில் மேலும் மூன்று ஆட்டங்கள் நடந்து மூன்றும் டிரா ஆயின. 3.5–3.5 என்ற நிலையில், பட்டத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று கார்ல்சன் யோசனை சொன்னார். ஃபிடே ஒப்புக்கொண்டது. உலக பிளிட்ஸ் பட்டம் முதல்முறையாக இருவருக்குப் போனது. போட்டி விதிகளில் அப்படி ஒரு வழியே இல்லை. அதே நாளில் பெண்கள் இறுதிப் போட்டியில் ஜூ வென்ஜுனும் லெய் டிங்ஜியும் 3.5–2.5 என்று முடிவு தெரியும்வரை ஆடினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சற்று நேரத்தில் ஒரு காணொளி வெளிவந்தது. முடிவுக்காகக் காத்திருந்தபோது, அதிகாரிகள் மறுத்தால் அவர்கள் களைத்துப்போகும்வரை குறுகிய டிராக்களை ஆடிக்கொண்டே இருக்கலாம் என்று கார்ல்சன் நெபோம்னியாஷியிடம் சொல்வது அதில் கேட்கிறது. வேடிக்கையாகச் சொன்னது என்று அவர் பின்னர் விளக்கினார். வேடிக்கை என்றே வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே பேசிவைத்து டிரா செய்வது செஸ்ஸில் நேர்மைக்கேடாகக் கருதப்படும் செயல். அதை வேடிக்கையாகச் சொல்லும் நிலையில் கூட ஒருவர் இருக்கிறார் என்றால், எதிரே இருக்கும் அமைப்பு மறுக்காது என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கை பொய்க்கவும் இல்லை. குற்றத்தில் பாதியை ஃபிடேவின் பெயரில் எழுதுவதுதான் நியாயம். 1985 பிப்ரவரியில், ஐந்து மாதம் நடந்த கார்போவ்–காஸ்பரோவ் போட்டியை 48 ஆட்டங்களுக்குப் பின் முடிவில்லாமல் நிறுத்தியவர் அன்றைய ஃபிடே தலைவர் கம்போமானஸ். அதற்காக அவரை விமர்சிக்காதவர் இல்லை. இங்கே மூன்று டிராக்களுக்குப் பிறகு நிறுத்தச் சொன்னவர்கள் ஆட்டக்காரர்களே, தலையசைத்தது மட்டும்தான் அமைப்பு.

கார்ல்சனுக்காக வாதாடுகிறவர்களிடம் நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு. உலக சாம்பியன் பட்டத்தைப் பெற்றவர்கள் அதைக் காப்பாற்றிக்கொள்ள என்னவெல்லாம் செய்தார்கள் என்ற வரலாறு அழகானதல்ல. 1927இல் காப்பாபிளாங்காவை வென்ற அலெகைன், அவரோடு மறு போட்டி ஆடாமலேயே காலத்தைக் கடத்தினார். 1975இல் ஃபிஷர் நிபந்தனைமேல் நிபந்தனை வைத்து, கடைசியில் ஆடாமலேயே பட்டத்தை இழந்தார். கார்ல்சன் ஆனந்தை 2014இல் சோச்சியில் மறுபடி சந்தித்தார். கர்யாகின், கருவானா, நெபோம்னியாஷி என்று தகுதி பெற்று வந்த ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து ஆடினார். ஆசை தீர்ந்ததும், 2022 ஜூலையில், இனி இந்தப் போட்டிக்கு வரப்போவதில்லை என்று சொல்லிப் பட்டத்தைக் கீழே வைத்துவிட்டார். பிடித்துத் தொங்கவில்லை. அந்தக் காலியிடத்துக்குத்தான் டிங் வந்தார், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங்கை வென்று 18 வயதில் குகேஷ் வந்தார்.

அந்தக் குகேஷைப் பற்றி கார்ல்சன் பேசுவதும் இதே வாக்கில்தான் இருக்கிறது. ஸ்டாவாங்கர் ஆட்டத்துக்கு ஒரு மாதம் கழித்து, ஜாக்ரெப் ரேபிட் போட்டிக்கு முன்னால், பங்கேற்பாளர்களில் பலவீனமானவர்களில் ஒருவராகவே குகேஷை எண்ணி ஆடப்போவதாகச் சொன்னார். ரேபிட்டில் குகேஷ் அதுவரை பெரிய முத்திரை எதையும் பதிக்கவில்லை என்பதால், அது அவமதிப்பைவிடக் கணிப்பு என்பதற்கே நெருக்கமானது. அந்தப் போட்டியிலும் குகேஷ் கறுப்புக் காய்களோடு அவரைத் தோற்கடித்தார். தொடரை வென்றது கார்ல்சன். தோற்ற பிறகு அவர் சாக்கு எதையும் தேடவில்லை, எதிராளி நன்றாக ஆடினார் என்றே சொன்னார். இளையவர்களிடம் இப்படி முகத்துக்கு நேரே பேசுவது நம் பண்பாட்டில் மரியாதைக் குறைவாகப் படலாம். முதுகுக்குப் பின்னால் சாடை காட்டுவதற்கு இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். 2022இல் நீமனுக்கு இந்த நேர்ப்பேச்சு கிடைத்திருந்தால் அந்த விவகாரமே வேறு மாதிரி போயிருக்கும்.

நீமனும் கார்ல்சனும் 2024 செப்டம்பரில் பாரிசில் ஒரு மேடையில் எதிரெதிரே அமர்ந்தார்கள். அதிவேக ஆட்டங்களின் அரையிறுதி அது. கார்ல்சன் தெளிவாக வென்றார். செயின்ட் லூயிஸ் ஆட்டத்தைப் பற்றி அவர் அதற்கு முன்போ பின்போ வருத்தம் தெரிவிக்கவில்லை. நீமனும் அதை மறந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

2025 டிசம்பரில் தோஹாவில் உலக ரேபிட், பிளிட்ஸ் போட்டிகள் நடந்தபோது, அர்ஜுன் எரிகைசியிடம் ஒரு பிளிட்ஸ் ஆட்டத்தைத் தோற்ற கார்ல்சன் மறுபடியும் மேசையைக் குத்தினார். மறுபடியும் அந்தச் சில விநாடிகள் உலகைச் சுற்றி வந்தன. மறுபடியும் அவருடைய குணம் பற்றிய விவாதம் அங்கிருந்தே தொடங்கியது. அந்த வாரத்தில் ரேபிட் பட்டத்தையும் பிளிட்ஸ் பட்டத்தையும் அவர்தான் வென்றார். பிளிட்ஸ் பட்டத்தை இம்முறை அவர் யாரோடும் பகிர்ந்துகொள்ளவில்லை.